புதையல் தீவு: டிவியில் வந்தவற்றுள் எதைப் பார்க்கலாம்?

உங்கள் பத்து வயது மகள் ‘புதையல் தீவு’ நாவலின் சுருக்கப் பதிப்பைப் படித்து முடித்துவிட்டு, அதைப் படமாகப் பார்க்க வேண்டும் என்கிறாள். டிவிக்காக எடுத்தவை மட்டுமே ஏகப்பட்டவை இருக்கின்றன. எது மூலத்தை ஒட்டியது, எதைக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப் பதில் வேண்டுமென்றால்: மகளோடு உட்கார்ந்து பார்க்க, 1978-இல் ஜப்பானில் வந்த 26 பகுதி அனிமேஷன் தொடர். நாவலை ஒட்டியதாக வேண்டுமென்றால், 1990-இல் அமெரிக்காவின் டிஎன்டி சேனலுக்காக எடுத்த படம். ஏன் இந்த இரண்டு என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் ஒன்று. இந்தக் கதை பிறந்ததே தொடர்கதையாகத்தான். 1881 கோடையில் ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற ஊரில், வெளியே போக விடாத மழையில், ஆர்.எல். ஸ்டீவன்சன் தன் மனைவியின் முதல் கல்யாணத்து மகன் லாயிடோடு வண்ணப் பெட்டியை வைத்துக்கொண்டு பொழுதுபோக்கியபோது ஒரு தீவின் வரைபடம் உருவானது. அந்த வரைபடத்திலிருந்துதான் கதை. தினம் ஓர் அத்தியாயம் எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அப்பா, பேரன் வயதுப் பையனைவிட அதிகமாக உற்சாகமாகி, பழைய மாலுமி பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன சாமான் இருக்கும் என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார். பிறகு ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் வார இதழில் 1881 அக்டோபரிலிருந்து 1882 ஜனவரி வரை, ‘கேப்டன் ஜார்ஜ் நார்த்’ என்ற புனைபெயரில் வெளிவந்தது. புத்தகமானது 1883-இல்.

ஆகவே 34 அத்தியாயங்களிலும் ‘தொடரும்’ போடத் தோதான இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பில்லி போன்ஸ் செத்துக் கிடக்கிறான். கதாநாயகனான விடுதிக்காரப் பையன் ஜிம்மும் அவன் அம்மாவும் பெட்டியைத் திறந்து, அந்த ஆள் விடுதிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை எடுக்கிறார்கள். அம்மா கறார் பேர்வழி. தனக்குச் சேர வேண்டியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம், குறையவும் கூடாது என்று நாணயங்களைப் பொறுக்கி எண்ணிக்கொண்டே இருக்கிறாள். அப்போது வெளியே பனி உறைந்த சாலையில் டொக், டொக் என்று கண் தெரியாத பியூவின் தடி. திரைக்கதை ஆசிரியர் இதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, ஒலிப்பதிவாளர் வேலை தெரிந்தவராக இருந்தால் போதும்.

பிறகு ஏன் பாதிக்கு மேல் சப்பென்று இருக்கின்றன? என் கணக்கில் எல்லாம் ஒரு பீப்பாயில் போய் நிற்கிறது. உங்கள் மகள் படித்த சுருக்கத்தில் அந்தக் காட்சி இரண்டு பத்தியில் முடிந்திருக்கும் என்பதால் முழு நாவலில் உள்ளபடி சொல்கிறேன்.

பெட்டியில் கிடைத்த வரைபடத்தோடு புதையல் தேடிக் கப்பலில் போகிறார்கள். பொழுது சாய்ந்த நேரம். வேலை முடித்துப் படுக்கப் போகும் ஜிம்முக்கு ஓர் ஆப்பிள் தின்னத் தோன்றுகிறது. மேல்தளத்தில் இருக்கும் பீப்பாயில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பீப்பாய் காலியாகும் நிலையில் இருப்பதால் உள்ளேயே இறங்குகிறான். இருட்டு, தண்ணீர்ச் சத்தம், கப்பலின் ஆட்டம் எல்லாம் சேர்ந்து கண் சொக்குகிறது. யாரோ கனத்த ஆள் வந்து பீப்பாயில் சாய்கிறான். பேச ஆரம்பித்ததும் தெரிகிறது, கப்பலின் சமையல்காரன் லாங் ஜான் சில்வர். அவன் ஒரு இளம் மாலுமியிடம் “நீ சின்னவன்தான், ஆனால் படு கெட்டிக்காரன்” என்கிறான். ஜிம்மிடம் முன்பு சொன்ன அதே புகழ்ச்சி, வார்த்தை மாறாமல். கலகம், கொலைத் திட்டம் எல்லாம் அப்புறம்தான் காதில் விழுகிறது. பையனுக்கு முதலில் சுருக்கென்று தைப்பது இந்தப் பழைய புகழ்ச்சி. முடிந்தால் பீப்பாய் வழியாகவே அந்த ஆளைக் கொன்றிருப்பேன் என்கிறான். சற்று நேரத்தில் சில்வர் அந்த இளைஞனிடம் ‘பீப்பாயிலிருந்து ஓர் ஆப்பிள் எடு’ என்கிறான். ஜிம்முக்குக் கை கால் ஓடவில்லை. நல்லவேளை, இன்னொருவன் ‘ஆப்பிள் எதற்கு, ரம் அடிப்போம்’ என்கிறான்.

இது வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்பே நமக்குச் சில்வரைப் பிடித்துப் போயிருக்க வேண்டும். பிரிஸ்டல் துறைமுகத்தில் ஜிம்மை அழைத்துக்கொண்டு நடந்து, ஒவ்வொரு கப்பலும் எந்த நாட்டுடையது, எந்தக் கயிற்றுக்கு என்ன பெயர் என்று சொல்லிக் கொடுக்கும் ஆள் அவன். ஜிம்முக்கு அப்பா கொஞ்ச நாள் முன்புதான் இறந்திருக்கிறார். அந்த வெற்றிடத்தில் சில்வர் வந்து உட்காருகிறான். இதற்கு நேரம் ஒதுக்கும் தொடர் பிழைக்கிறது. ஒதுக்காதவற்றில் ஒற்றைக்கால் வில்லன் ஒருவன் வருகிறான், பீப்பாய்க்குள் இருக்கும் பையன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்கிறான், அவ்வளவுதான். நான் எந்த வடிவத்தைப் பார்த்தாலும் பீப்பாய் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சரி, இனி படங்களுக்கு வருகிறேன்.

நம் மனதில் இருக்கும் சில்வர் பெரும்பாலும் ராபர்ட் நியூட்டன். 1950-இல் டிஸ்னி எடுத்த சினிமாவில் நடித்தவர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமத்துப் பேச்சை உருட்டி, ‘ஆர்ர்’ என்று இழுத்து, கண்ணை உருட்டி, அதன் பிறகு வந்த அத்தனை கடற்கொள்ளையருக்கும் குரல் கொடுத்துவிட்டார். அந்த வேகத்தில் ஆஸ்திரேலியாவில், சிட்னியில், ‘லாங் ஜான் சில்வர்’ என்று இன்னொரு படமும் அதன் வாலாக 26 பகுதி டிவி தொடரும் எடுத்தார்கள். வாரம் ஒரு புதுக்கதை, சில்வர் கிட்டத்தட்ட கதாநாயகன். நாவலோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நியூட்டன் 1956-இல் இறந்துவிட்டார். இன்று பார்த்தால் ஒரு பகுதியோடு அலுத்துவிடும்.

நாவலின் சில்வர் இப்படிக் கத்துகிற ஆளே இல்லை. சுத்தமானவன், சிரித்த முகம், சின்ன வயதில் நல்ல பள்ளிக்கூடப் படிப்பு, வங்கியில் சேமிப்பு. இடது கால் இடுப்போடு போய்விட்டது. கக்கத்தில் ஊன்றுகட்டையோடு பறவை மாதிரித் துள்ளித் துள்ளிப் போவான். படங்களில் பார்க்கும் அந்த மரக்கால் அவனுக்குக் கிடையாது. ஸ்டீவன்சன் இந்த ஆளைத் தன் நண்பர் டபிள்யூ.ஈ. ஹென்லியிடமிருந்து எடுத்தார். ஹென்லி ஒரு கவிஞர், நோயால் ஒரு காலை இழந்தவர், குரலும் ஆளும் அறையை நிறைக்கும். பலத்தையும் ஊனத்தையும் சேர்த்து வைத்திருந்த அந்த மனிதரைத்தான் கடற்கொள்ளையனாக்கினார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எந்த நடிகர் ஆளைப் பிடித்திருக்கிறார், எந்த நடிகர் நியூட்டனைப் பிடித்திருக்கிறார் என்பது சட்டென்று புலப்படும்.

ஆளைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் ஐவர் டீன். 1966 கிறிஸ்துமஸ் சமயத்தில் மேற்கு ஜெர்மனியின் இசட்டிஎஃப் டிவி ஒளிபரப்பிய நாலு பாகத் தொடரில் நடித்தார். ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இந்த நாலு பாக சாகசத் தொடர் ஜெர்மனியில் ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது: 1964-இல் ராபின்சன் குரூசோ, 1966-இல் இது, 1968-இல் டாம் சாயர், 1971-இல் ‘கடல் ஓநாய்’. அந்தக் கடைசித் தொடரில் கேப்டன் பச்சை உருளைக்கிழங்கை ஒரே கையால் நசுக்கிக் கூழாக்கும் காட்சி ஒரு தலைமுறையையே கிழங்கும் கையுமாக அலைய வைத்தது. கிழங்கு முன்கூட்டியே வேகவைத்தது என்பது பிறகுதான் வெளிவந்தது.

புதையல் தீவில் தயாரிப்பாளர் வால்டர் உல்பிரிக், இயக்குநர் வொல்ஃப்காங் லீபனைனர் இருவரும் அவசரமே படவில்லை. விடுதி, பில்லி போன்ஸ், பியூ, வரைபடம் எல்லாம் நிதானமாக வருகின்றன. ஐவர் டீனின் சில்வர் குரலை உயர்த்துவதே அபூர்வம். பருத்த, களைத்த, புத்திசாலி மனிதர். நம்பிவிடுவோம். ஜிம்மாக நடித்த மைக்கேல் ஆண்டே அப்போது இருபதைத் தாண்டியவர், ஆனால் முகம் காப்பாற்றிவிட்டது. (இவரே பின்னாளில் ‘டெர் ஆல்ட்டே’ என்ற ஜெர்மன் துப்பறியும் தொடரில் 1977-இலிருந்து 2016 வரை போலீஸ்காரராக இருந்தார்!) ஐவர் டீனுக்கும் அந்த வேஷத்தை விட மனமில்லை. பிறகு என்ன ஆயிற்று என்று தயாரிப்பாளர் ராபர்ட் பேக்கரோடு சேர்ந்து ஒரு கதை யோசித்து வைத்தார். அதைத் தானே நடிக்குமுன் 1974-இல் இறந்தும் போனார். அந்த யோசனையிலிருந்துதான் 1986-இல் பிரிட்டனில் ‘புதையல் தீவுக்குத் திரும்புதல்’ என்று பத்து பகுதித் தொடர் வந்தது, சில்வராக பிரையன் பிளெஸ்ஸட். அவர் நியூட்டன் கட்சி. தொண்டை கட்டாமல் பத்து பகுதி முடித்ததே பெரிது.

பிபிசியின் 1977 தொடரைப் பலர் சிபாரிசு செய்வார்கள். ஆல்ஃபிரட் பர்க் அடக்கமான, சில்லிட வைக்கும் சில்வர். பேட்ரிக் ட்ரௌட்டன், பழைய ‘டாக்டர் ஹூ’ நாயகர், இஸ்ரேல் ஹேண்ட்ஸ் என்ற கொள்ளையனாக வருகிறார். நடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி வீட்டுக்குள் நடப்பது வீடியோவில், வெளியே நடப்பது ஃபிலிமில். கதவைத் திறந்து வெளியே வந்தால் வேறு படம் மாதிரி இருக்கும். பெரியவர்களுக்குப் பழகிவிடும், குழந்தை ‘ஏன் இப்படி இருக்கு’ என்று கேட்கும்.

ரஷ்யர்களும் விடவில்லை. 1982-இல் லென்ஃபிலிம் ஸ்டுடியோ எடுத்த மூன்று பாகப் படத்தில் ஒலெக் பரீசவ் சில்வர். ஒல்லியான, நரம்பு தெறிக்கும், குள்ளநரித்தனமான சில்வர். அவரை நம்பவே முடியாது, அதுதான் குறை. பையன் எப்படி நம்பினான் என்று தோன்றும். ஜிம்மாக வரும் ஃபியோதர் ஸ்துக்கோவ் அதற்கு முந்தைய வருடம்தான் ரஷ்ய டிவியில் டாம் சாயராக நடித்திருந்தான்.

1988-இல் கீவ் நகரத்தில் டேவிட் செர்காஸ்கி எடுத்த இரண்டு பாக கார்ட்டூன் ஒன்று இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதில் ஒருவரை ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, தோளைக் குலுக்கியபடி நடந்து வரும் டாக்டர் லிவ்சி (ஜிம்மோடு தீவுக்குப் போகும் ஊர் டாக்டர்) 2022 வாக்கில் இணையமெங்கும் மீமாகச் சுற்றினாரே, அது இதிலிருந்து வந்ததுதான். நடுநடுவே நிஜ மனிதர்கள் வந்து புகைபிடிக்காதே, குடிக்காதே, உடற்பயிற்சி செய் என்று கோமாளித்தனமாகப் பாடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், பகடி என்று எடுத்த இதில் கதைச் சம்பவங்கள் பல ‘சீரியஸான’ படங்களைவிட ஒழுங்காக வரிசைப்படி வருகின்றன. ஆனால் இங்கே சில்வரை நம்பவோ நம்பாமல் இருக்கவோ அவசியமே இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். விடுமுறை மதியத்துக்கு நல்லது.

இத்தாலிக்காரர்கள் 1987-இல் கதையை விண்வெளிக்கே கொண்டுபோனார்கள். தீவு ஒரு கிரகம், சில்வர் ஆன்டனி குவின். பெயருக்காகச் சொன்னேன்.

1990 படத்துக்கு வருவோம். சார்ல்டன் ஹெஸ்டன் சில்வர், அவருடைய மகன் ஃப்ரேசர் ஹெஸ்டன் திரைக்கதையும் இயக்கமும். அப்பாவை மகன் இயக்கியது என்றதும் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை. ஆனால் மகன் செய்த நல்ல காரியம், நாவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வசனம் எழுதியது. பில்லி போன்ஸாக ஆலிவர் ரீட், பியூவாக கிறிஸ்டோபர் லீ. அந்த முதல் அரை மணி நேரத்துக்கு ஈடு வேறு எதிலும் இல்லை. ஜிம்முக்கு கிறிஸ்டியன் பேல், படம் எடுக்கும்போது பதினைந்து வயது. பின்னாளில் பேட்மேனாக வந்தவர்தான். பெரியவர்களை முறைத்துப் பார்க்கும் ஜிம், அழகுப் பிள்ளை இல்லை. இசை ஐரிஷ் குழுவான சீஃப்டன்ஸ். கப்பல் நிஜக் கப்பல்: 1960-இல் ஒரு சினிமாவுக்காகக் கட்டிய ‘பவுன்ட்டி’, அப்போது டிஎன்டி முதலாளி டெட் டர்னர் கையில் இருந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயலில் சிக்கி அது மூழ்கிப் போனது. பாய்மரக் கயிறுகளும் தளமும் மனிதர்களைச் சுற்றி நிஜமாக அசைவதைப் படத்தில் பார்க்கலாம். கணினியில் போட்ட கடலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தையும் கண்டுபிடிக்கும்.

ஹெஸ்டனின் சில்வர் கொஞ்சம் விறைப்பு. கனிவைவிட மிரட்டல்தான் தூக்கல். அதனால் பீப்பாய்க் காட்சியில் எனக்குப் பாதி மார்க்தான். ஆனால் நாவலில் சில்வர், தன்னோடு சேர மறுக்கும் டாம் என்ற மாலுமியை ஊன்றுகட்டையை வீசி முதுகில் அடித்து வீழ்த்தி, கத்தியால் குத்திவிட்டு, கத்தியைப் புல்லில் துடைப்பான். அந்த மனிதனால் இது முடியும் என்று நம்ப வைப்பவர் ஹெஸ்டன். இந்த மாதிரி இடங்கள் இருப்பதால் பத்து வயதுக் குழந்தையைத் தனியே உட்கார வைக்காதீர்கள், நீங்களும் இருங்கள்.

2012-இல் ஸ்கை சேனலுக்கு எடுத்த இரண்டு பாகம் இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும். எடி இஸ்ஸார்டின் சில்வர் எனக்குப் பிடித்தது. கசப்பும் நகைச்சுவையும் கலந்த ஆள். நாவலில், கப்பல் ஏற்பாடு செய்யும் பண்ணையார் ட்ரெலானியின் கடிதத்தில் போகிற போக்கில் வரும் சில்வரின் மனைவிக்கு இதில் முகமும் கதையும் கிடைத்தன. நல்ல காரியம். பெண்களே வேண்டாம் என்ற தீர்மானத்தோடு பிறந்த கதை இது, மூலத்தில் ஜிம்மின் அம்மாவை விட்டால் பேசுகிற பெண் கிடையாது. ஆனால் ட்ரெலானியைப் பேராசைக்காரனாக்கி, கடைசியில் புதையலைக் கடலில் கொட்டிவிடுகிறார்கள். ஸ்டீவன்சன் இந்தத் தப்பைச் செய்யவில்லை. அவர் கதையில் புதையல் வீடு வந்து சேர்கிறது, அவரவர் குணப்படி செலவாகிறது. சில்வர் ஒரு சாக்குக் காசோடு நழுவிவிடுகிறான். அவன் தப்பியதில் எல்லாருக்கும் உள்ளூர நிம்மதி. நல்லவனா கெட்டவனா என்று முடிச்சுப் போட்டுக் கொடுக்காமல் விடுகிற அந்த முடிவைப் பாடம் நடத்துகிற முடிவாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது ஜப்பான். மேற்கத்தியச் சிறுவர் கதைகளை நீண்ட அனிமேஷன் தொடராக்குவது அங்கே பெரிய மரபு. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் குல்ஸார் பாட்டோடு இந்தியில் ஓடிய மோக்லி உங்களுக்கு நினைவிருக்கும், 52 பகுதி, அதுவும் ஜப்பானியத் தயாரிப்புதான். புதையல் தீவை டோக்கியோ மூவி ஷின்ஷா நிறுவனத்தில் ஒசாமு தெசாக்கி இயக்கினார். 1978 அக்டோபரிலிருந்து 1979 ஏப்ரல் வரை ஓடியது. அரபு மொழியில் டப் ஆகி அந்த நாடுகளில் ஒரு தலைமுறைக்கே பிடித்த தொடராகிவிட்டது.

26 அரை மணி நேரம் கையில் இருப்பதால் சில்வரும் ஜிம்மும் சேர்ந்து பேச, வேலை செய்ய, சிரிக்க நேரம் கிடைக்கிறது. இந்தச் சில்வர் நெட்டையானவன், திடகாத்திரமானவன், ஒற்றைக்காலில் நிற்பதே கம்பீரமாக இருக்கும். ஜிம் மட்டுமா, பார்க்கிற நாமும் அந்த ஆள் பின்னால் போய்விடுவோம். அதனால் பீப்பாய்க்குள் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது நமக்கும் வயிற்றைப் பிசைகிறது. தெசாக்கிக்கு ஒரு வழக்கம் உண்டு: உச்ச கணத்தில் அசைவை நிறுத்தி, அந்தச் சட்டகத்தை அப்படியே கையால் தீட்டிய ஓவியமாக மாற்றிவிடுவார். சில்வர் திரும்பிப் பார்க்கும் ஒரு முகம் அப்படி உறைந்து நிற்கும்போது அதில் அன்பு இருக்கிறதா கணக்கு இருக்கிறதா என்று நாமே தேட வேண்டியிருக்கும்.

மூலத்தில் இல்லாதவையும் உண்டு. ஜிம்முக்கு ஒரு சிறுத்தைக் குட்டி துணை. குழந்தைகளுக்காகச் சேர்த்தது, உங்கள் மகளுக்குப் பிடிக்கும், எனக்கு இல்லாமலும் ஓடியிருக்கும். நாவலில் சில வரிகளில் வந்து போகும் கிரே என்ற மாலுமி இங்கே முழு மனிதனாகிறான். முடிவில் பல வருடம் கழித்து வளர்ந்த ஜிம் சில்வரை மறுபடி சந்திப்பதும் புதிது. இத்தனை மாற்றியும் கதையின் உயிர் இதில்தான் பத்திரமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரே சிரமம், ஜப்பானிய ஒலியில் பார்த்தால் சப்டைட்டிலைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். வாரத்துக்கு இரண்டு பகுதிக்கு மேல் வேண்டாம். ‘அடுத்து என்ன’ என்று அவள் நச்சரிக்கட்டும்.

ஒரு காட்சிக்கு மட்டும் புத்தகத்தை எடுங்கள், 29-ஆம் அத்தியாயம். கொள்ளையர்கள் சில்வரைத் தலைமையிலிருந்து நீக்க ‘கறுப்புப் புள்ளி’ தீட்டிய காகிதச் சீட்டு கொடுக்கிறார்கள். காகிதத்துக்கு வேறு வழியில்லாமல் ஒருவனுடைய பைபிளிலிருந்து ஒரு துண்டு வெட்டியிருக்கிறார்கள். சில்வர் அதைப் புரட்டிப் பார்த்து, ‘பைபிளையா கிழித்தீர்கள், உருப்படுவீர்களா’ என்று அவர்களையே நடுங்க வைத்து, பத்து நிமிஷத்தில் மறுபடி தலைவனாகிவிடுவான். திரையில் இது பெரும்பாலும் கத்தரிக்கப்படுகிறது அல்லது ஓட்டமாக ஓடிவிடுகிறது. முழு நாவலில் படித்துக் காட்டினால் ரசிப்பாள்.

கடைசியாக, ‘பிளாக் செயில்ஸ்’ என்று 2014-இலிருந்து 2017 வரை வந்த தொடரும் தேடலில் கண்ணில் படும். இந்த நாவலுக்கு முந்தைய கதை, புதையலைப் புதைத்த கேப்டன் ஃபிளின்ட், இளவயதுச் சில்வர் எல்லாரும் உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் ரத்தமும் படுக்கையறையும் தாராளம், முழுக்கப் பெரியவர்களுக்கானது. பெயரைப் பார்த்து மகளுக்குப் போட்டுவிடாதீர்கள். அவள் தூங்கின அப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.